ஓரடி விளக்கும் இரண்டடி விளக்கும்

கேள்வி: புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காக நாச்சியார்கோவிலில் ஒரு குத்துவிளக்கு வாங்கினேன். எங்களிடம் ஏற்கெனவே உள்ள ஓரடி விளக்கு 1 கிலோ 200 கிராம். அதே அமைப்பில் இரண்டடி விளக்கு இரண்டரைக் கிலோவுக்குள் அடங்கும் என்று எண்ணிப் பணம் எடுத்துச் சென்றேன். கடையில் தராசு 7 கிலோ 400 கிராம் காட்டியது. விலை கிலோ கணக்கில்தான் என்பதால் கைமாற்று வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். உள்ளே ஈயமோ மண்ணோ அடைத்திருப்பார்களோ என்று வீட்டில் சந்தேகப்படுகிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது? (ஒரு வாசகி, மன்னார்குடி)

பதில்: எடையைப் பொறுத்தவரை கடைக்காரர்மீது குறை சொல்ல இடமில்லை. விளக்கின் உயரத்தை மட்டும் நீங்கள் இரட்டித்துப் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் அதே அமைப்பில் வார்க்கும்போது அடிப்பாகத்தின் அகலம், தண்டின் பருமன், எண்ணெய்த் தட்டின் விட்டம் எல்லாமே இரண்டு மடங்காகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டிப்பதால், கெட்டியாக வார்த்த ஒரு பொருளுக்கு 2 × 2 × 2 என்று எட்டு மடங்கு உலோகம் பிடிக்கும். அந்தக் கணக்குப்படி உங்கள் விளக்கு 9 கிலோ 600 கிராம் இருந்திருக்க வேண்டும்.

அவ்வளவு இல்லாமற்போனதற்கும் காரணம் உண்டு. விளக்கைக் கவிழ்த்துப் பாருங்கள்: அடிப்பாகம் உட்புறம் குடைவாக இருக்கும். விளக்கு இரண்டு மடங்கு உயர்ந்தாலும் அந்தச் சுவரின் தடிமனை அப்படியே இரண்டு மடங்காக்க வேண்டிய தேவை வார்ப்பவருக்கு இல்லை. தடிமன் மாறாமல் பரப்பு மட்டும் பெருகும் பகுதியில் எடை நான்கு மடங்குதான் கூடும். தண்டு போன்ற கெட்டியான பகுதியில் எட்டு மடங்கு கூடும். உங்கள் விளக்கு ஏறத்தாழ ஆறு மடங்கில் நிற்கிறது, அதாவது இரண்டுக்கும் நடுவில். குடைவும் கெட்டியும் கலந்த பொருளுக்கு அது இயல்பான எடையே.

சுவாமிமலைச் சிலைகளில் இந்த நடுநிலைக்கு இடமில்லை. அங்கே பூசைக்குரிய திருமேனிகளை உள்ளே குடைவில்லாமல் கெட்டியாகவே வார்க்கிறார்கள்; சிற்ப சாத்திரத்தின் தாள அளவுப்படி (முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்ட அளவுமுறை) முகம், உடல், கால் எல்லாம் ஒன்றுக்கொன்று விகிதம் மாறாமல் வளர்வதால் கணக்கு பிசகாமல் வரும். ஆறு அங்குலச் சிலை ஒன்றரைக் கிலோ என்றால், அதே சிலை ஓரடியில் பன்னிரண்டு கிலோ. பெரிய சிலை வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இதையும் கவனிக்கலாம்: 12 அங்குலத்திலிருந்து 15 அங்குலத்துக்குப் போனால் மூன்று அங்குலம்தானே என்று தோன்றும், ஆனால் எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும்.

ஈயம் அடைத்த சந்தேகத்தை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம். மரையைத் திருகித் தண்டைத் தனியாகக் கழற்றி எடை பாருங்கள். சமையலறை மின்னணுத் தராசில் ஓர் உயரமான பாத்திரத்தை வைத்துத் தண்ணீர் ஊற்றி, தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு தண்டை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுவதும் மூழ்கும்படி தூக்கிப் பிடியுங்கள். மரைக்குழியில் காற்றுக் குமிழி நிற்காதபடி முதலில் சற்று ஆட்டிவிடுவது நல்லது. இப்போது தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ, அத்தனை கன சென்டிமீட்டர் தண்டின் கன அளவு. தண்டின் எடையை அந்த எண்ணால் வகுத்தால், பித்தளைக்கு 8.4, 8.5 என்ற அளவில், சற்றுக் கூடக் குறைய வரும். தண்டு 2 கிலோ 100 கிராம் என்று வைத்துக்கொண்டால், தராசு 250 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். ஈயம் (காரீயம்) கணிசமாக இருந்தால், அது பித்தளையைவிடக் கனமானது என்பதால், 250-க்கு வெகுவாகக் கீழே நிற்கும். மண்ணோ சிமெண்டோ அடைத்திருந்தால் 300-ஐத் தாண்டிப் போகும். அப்படி ஏதாவது தெரிந்தால் ரசீதுடன் கடைக்குச் சென்று கேளுங்கள். சரிவராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. என் கணிப்பில் உங்களுக்கு அது தேவைப்படாது.

கேள்வி: கல்யாணச் சமையலுக்கு வாடகைக்கு விட ஒரு பழைய பித்தளை அண்டா வாங்கினேன். என்னிடம் முன்பிருந்ததைவிட அகலம், உயரம் எல்லாம் சரியாக இரண்டு மடங்கு. ஈயம் பூசுகிறவர் பழையதற்கு வாங்கியதைப்போல் நான்கு மடங்கு கூலி கேட்கிறார். இரண்டு மடங்குதானே நியாயம்? (ஒரு வாசகர், திருவையாறு)

பதில்: அவர் கேட்டதே நியாயம். ஈயப்பூச்சு (இது வெள்ளீயம்) உட்பரப்பின்மீது படிவது. எல்லா அளவும் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிறது, அதற்கேற்ப ஈயமும் துடைப்பும் கூடுகின்றன. உங்களுக்கும் இதில் இழப்பில்லை: பழைய அண்டா 25 லிட்டர் பிடித்தது என்றால், இது 200 லிட்டர் பிடிக்கும். ஆகவே லிட்டருக்கு விழும் பூச்சுக்கூலி பாதிதான். வாங்கிய அண்டாவின் அடித்தகட்டை மட்டும் தட்டிப் பாருங்கள். எட்டு மடங்கு சாம்பாரை நான்கு மடங்கு பரப்புள்ள அடிதான் தாங்க வேண்டியிருப்பதால், அது பழையதைப் போலவே மெல்லிய தகடாக இருந்தால், நிறைத்துத் தூக்கும்போது தொய்ந்துவிடும்.