ரோலர்பால் திரைப்படத்தில் நிறுவனங்கள் தங்கள் நட்சத்திர வீரனையே ஒழிக்க நினைப்பது ஏன்?

நார்மன் ஜூவிசன் இயக்கி 1975-இல் வெளிவந்த இப்படத்தில், நாடுகள் மறைந்து, எரிசக்தி, உணவு போன்றவற்றைக் கையில் வைத்திருக்கும் பெருநிறுவனங்களே 2018-ஆம் ஆண்டின் உலகை ஆள்கின்றன. தனிமனித முயற்சி வீண் என்று மக்களுக்கு உணர்த்தவே ரோலர்பால் என்ற வன்முறை விளையாட்டை அவை உருவாக்கின. ஆகவே, ஆண்டுக்கணக்கில் சாகாமல் விளையாடி மக்களின் நாயகனாகிவிட்ட ஹூஸ்டன் அணியின் ஜோனதன், தன் புகழாலேயே அந்தப் பாடத்தைப் பொய்யாக்கிவிடுகிறான். அவன் ஓய்வுபெற மறுத்ததும், அவனைக் களத்திலேயே ஒழிக்க, முறைகேடான ஆட்டத்துக்கான தண்டனை விதிகள் நீக்கப்படுகின்றன. இறுதி ஆட்டத்தில் கால வரம்பும் போய்விடுகிறது.

நூலகக் காட்சி என்னை இன்றும் உலுக்குகிறது. ஜெனீவாவில் உலகின் அறிவையெல்லாம் தேக்கிவைத்திருக்கும் கணினி, 13-ஆம் நூற்றாண்டு முழுவதையும் தொலைத்துவிட்டதாக அதன் காப்பாளரே சொல்கிறார். நிறுவனங்கள் எப்படி முடிவெடுக்கின்றன என்று கேட்கும் ஜோனதனுக்கும் அதனிடமிருந்து உருப்படியான விடை கிடைப்பதில்லை.