வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்க மதிய சீரியல்கள் நின்றதில் யாருக்கு நட்டம்?

அமெரிக்கத் தொலைக்காட்சியின் மதிய நேர சீரியல்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டதைப் பற்றி சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஐம்பது, எழுபது வருடம் ஓடிய சீரியலை நிறுத்த எப்படி மனம் வருகிறது? பார்க்க ஆளே இல்லாமல் போய்விட்டதா?
— வாசகி, சேலம்

ஆள் இருந்தது. 'கைடிங் லைட்' 1937-இல் வானொலியில் தொடங்கி, 1952-இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 செப்டம்பர் 18 அன்று முடிந்தது. முடியும்போதும் தினம் இருபது லட்சம் பேர் அளவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பகல் நேர விளம்பரத்துக்கு விலை பேசும்போது முக்கியமாகப் பார்ப்பது 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்கள் எத்தனை பேர் என்பதைத்தான். எழுபது வயதுப் பாட்டி ஒருநாள் விடாமல் பார்த்தாலும் அந்தக் கணக்கில் அவர் வரமாட்டார். கணக்கில் வருகிற வயதுப் பெண்களோ வேலைக்குப் போய்விட்டார்கள். போதாக்குறைக்கு 1995-இல் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே. சிம்சன் மீதான கொலை வழக்கு மாதக்கணக்கில் பகலெல்லாம் நேரலையாக ஓடியது. சீரியல்கள் அடிக்கடி தடைப்பட்டன. தினமும் பார்க்கிற பழக்கம் அப்போது விட்டுப்போனவர்களில் பலர் திரும்பவே இல்லை.

மறுபக்கம் செலவு. சீரியலுக்கு நிரந்தர செட்டுகள், முப்பது நடிகர்கள், எழுத்தாளர் குழு, உடை, இசை எல்லாம் வேண்டும். அரட்டை நிகழ்ச்சிக்கு ஒரு செட்டும் நாலைந்து தொகுப்பாளர்களும் போதும். பார்ப்பவர்கள் கொஞ்சம் குறைந்தாலும் லாபம் கூடும் என்பதே சேனல்களின் கணக்கு. ஏபிசி சேனல் 2011 ஏப்ரல் 14 அன்று 'ஆல் மை சில்ட்ரன்', 'ஒன் லைஃப் டு லிவ்' இரண்டையும் நிறுத்துவதாக ஒரே நேரத்தில் அறிவித்தது. முதல் சீரியலின் இடத்தில் சமையல் நிகழ்ச்சி ஒன்று வந்தது. இரண்டாவதன் இடத்தில் 2012 ஜனவரியில் தொடங்கிய 'த ரெவல்யூஷன்' என்ற அரட்டை நிகழ்ச்சி அதே வருடம் ஜூலையில் நின்றுபோனது. நாற்பத்து மூன்றாண்டுக் கதையை எடுத்துவிட்டு வைத்தது ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. அந்த முடிவை எங்களால் நல்ல வியாபாரம் என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

இந்த சீரியல்களை எப்படி எடுத்தார்கள்? நின்றபோது எந்த மாதிரி ஆட்களுக்கு வேலை போனது?
— நாடகக் கலைஞர், திருச்சி

ஒரு மணி நேர எபிசோடு என்றால் விளம்பரம் போக நடிப்பு 37, 38 நிமிடம் வரும். வசனம் சுமார் 80 பக்கம். வாரம் ஐந்து வீதம் வருடத்துக்கு ஏறக்குறைய 250 எபிசோடு. தலைமை எழுத்தாளர் பல மாதக் கதைப்போக்கை எழுதி சேனலிடம் ஒப்புதல் வாங்குவார். அதை நாள்வாரியாக, காட்சிவாரியாகப் பிரிக்க ஒரு குழு. பிரித்ததற்கு வசனம் எழுத வேறு ஆட்கள். பழைய கதையோடு முரண் வராமல் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒருவர். படப்பிடிப்பில் மூன்று நான்கு கேமரா ஒரே நேரத்தில் ஓடும். ஒன்றிரண்டு டேக்கில் காட்சி முடிந்தாக வேண்டும். இரவில் தச்சர்கள் அன்றைய செட்டைப் பிரித்து அடுத்த நாளுக்கானதை நிறுத்துவார்கள்.

நடிகர்களில் ஒப்பந்தக்காரர்களுக்கு வாரத்துக்கு இத்தனை நாள் வேலை என்று உத்தரவாதம் உண்டு. ஆனால் 13 வாரத்துக்கு ஒருமுறை, அல்லது 26 வாரத்துக்கு ஒருமுறை, சேனல் அவர்களை விலக்கிவிடலாம். அடுத்து, அவ்வப்போது வந்து போகிறவர்கள். அதற்கும் கீழே 'அண்டர் ஃபைவ்'. நர்ஸ், பரிமாறுகிறவர், போலீஸ்காரர் என்று ஐந்து வரிக்குள் பேசிவிட்டுப் போகிறவர்கள் இவர்கள். நியூயார்க் நாடக நடிகர்கள் பலருக்கு இந்த ஐந்து வரிதான் வீட்டு வாடகை. பகலில் சீரியல், இரவில் மேடை. நடிகர் சங்கத்தின் மருத்துவக் காப்பீடு வேண்டுமானால் ஆண்டுக்கு இவ்வளவு சம்பாதித்திருக்க வேண்டும் என்று வரம்பு இருந்ததால், வேலை நாள் குறைந்தவருக்குக் காப்பீடும் கைநழுவியது. 'ஒன் லைஃப் டு லிவ்' 2012 ஜனவரி 13 அன்று முடிந்ததோடு நியூயார்க்கில் பெரிய சேனல்களின் மதிய சீரியல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 'ஆல் மை சில்ட்ரன்' அதற்கு முன்பே லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றப்பட்டிருந்தது. அதை நம்பி அங்கே குடிபெயர்ந்தவர்களுக்கு இரண்டு வருடம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை.

சீரியல் சாவது அறிவிப்பு வருகிற நாளில் இல்லை. முதலில் ஒத்திகையைக் குறைப்பார்கள், பிறகு செட்டை, பிறகு நடிகர்களின் உத்தரவாத நாட்களை. அம்மா வேடக்காரர் வாரம் ஒருநாள்தான் வருவார் என்றால் குடும்பக் காட்சி எழுத முடியாது. கதை மெலியும், பார்ப்பவர் போவார், மறுபடி வெட்டு விழும். 'கைடிங் லைட்' 2008-இல் ஸ்டூடியோ முறையைக் குறைத்துக்கொண்டு கையில் பிடிக்கும் சிறு கேமராக்களோடு நியூ ஜெர்சியின் பீபாக் ஊருக்குப் போனது அப்படித்தான். அடுத்த வருடம் முடித்துவிட்டார்கள்.

அழுகாச்சி சீரியல் நின்றதைக் கலாசார இழப்பு என்பது அதிகமில்லையா?
— வாசகர், கோவை

இல்லை. 1962-இல் 'கைடிங் லைட்' எழுதிக்கொண்டிருந்த ஆக்னஸ் நிக்சன், கருப்பைப் புற்றுநோய்ப் பரிசோதனையைக் கதையில் கொண்டுவர விரும்பினார். தயாரித்த சோப்பு கம்பெனியான புராக்டர் அண்டு கேம்பிள், 'புற்றுநோய்', 'கருப்பை' என்ற சொற்களே வரக்கூடாது என்றது. அந்தச் சொற்கள் இல்லாமலே எழுதினார். பெர்ட் பாவர் என்ற குடும்பத்தலைவி வழக்கமான பரிசோதனைக்குப் போகிறாள், ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது, பிழைக்கிறாள். டாக்டரிடம் போகக் கூசிய பெண்களுக்கு, தாங்கள் வருடக்கணக்காக அறிந்த ஒருத்தி போய்வந்ததைக் காட்டியது அந்தக் கதை.

நிக்சன் 1968-இல் உருவாக்கிய 'ஒன் லைஃப் டு லிவ்' தொடங்கிய புதிதில் வந்த கார்லாவை வெள்ளைக்காரி என்றே மாதக்கணக்கில் நம்பினார்கள். அவள் கறுப்பினப் பெண் என்று பிறகுதான் தெரிய வந்தது. அதற்குள் பார்ப்பவர்களுக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது. 1995-இல் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' சீரியலில் ஸ்டோன் என்ற இளைஞன் எய்ட்ஸால் மெலிந்து இறப்பதை மாதக்கணக்கில் காட்டினார்கள். அவனுடைய காதலி ராபினுக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிகிறது. ஆனால் அவள் சாகவில்லை. மருந்து எடுத்துக்கொண்டு, டாக்டராகி, கல்யாணம் செய்து, பல வருடம் கதையில் வாழ்ந்தாள். வாரம் ஒருமுறை வரும் இரவு நாடகத்தில் நோய் ஒரு மணி நேரத்தில் வந்து போய்விடும். தினசரி வருகிற கதைக்கு மட்டும்தான் இந்தப் பொறுமை உண்டு. அது போனதைத்தான் இழப்பு என்கிறோம்.

நியூ ஜெர்சியில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். ஒரு பாட்டி தினம் அதே நேரத்துக்கு டிவி முன்னால் வந்து உட்கார்ந்து, நின்றுபோன சீரியலைப் போடச் சொல்கிறார். என்ன செய்வது?
— வாசகி, எடிசன்

ஞாபக மறதி உள்ளவர் என்றால் "அது முடிந்துவிட்டது" என்று தினமும் சொல்லாதீர்கள். அவருக்கு அது ஒவ்வொரு முறையும் புதுச் செய்தி, ஒவ்வொரு முறையும் புது வருத்தம். அதே நேரம், அதே நாற்காலி. பழைய எபிசோடு ஒன்றைப் போடுங்கள். யூடியூபில் நிறைய இருக்கிறது. வரிசை முக்கியமில்லை, அவர் விரும்பிப் பார்த்த காலத்து எபிசோடாக இருக்கட்டும். 'ஆட்டோபிளே'யை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எபிசோடு முடிந்ததும் சம்பந்தமில்லாத வீடியோ கத்தத் தொடங்கும். வசனத்தைத் திரையில் எழுத்தாகக் காட்டும் வசதியையும் போட்டுவிடுங்கள்.

அவர் கேட்பது 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' என்றால் அது நிற்கவில்லை. 2022 செப்டம்பர் 12 முதல் பீகாக் செயலிக்குப் போய்விட்டது, சந்தா வேண்டும். செயலியை டிவியின் முகப்பில் முதலாவதாக வையுங்கள். ரிமோட்டில் தேவையில்லாத பொத்தான்கள் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். அப்டேட் ஆன பிறகு சில சமயம் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும், அதை அலுவலகத்தில் எழுதி வைத்திருங்கள்.

நினைவு தெளிவாக உள்ளவர்களுக்கு வீடியோ மட்டும் போதாது. கூட உட்கார்ந்து பார்த்தவர்களோடு பேச அவர்களுக்கு இருந்த விஷயமே அந்தக் கதைதான். ஆகவே அந்தக் கூட்டம் கலையாமல் பாருங்கள். அந்த நேரத்தில் செய்திச் சேனலைப் போட்டு நிரப்பாதீர்கள். கதையை உங்களுக்குச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய எபிசோடுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றனவா?
— வாசகர், மதுரை

பெரும்பாலும் இல்லை. தொடக்கத்தில் நேரடியாக ஒளிபரப்பினார்கள். பின்னால் வீடியோ டேப் வந்தபோது அதன் விலை அதிகம் என்பதால், 1970-கள் வரை அழித்து அழித்து அதன் மேலேயே பதிவு செய்தார்கள். 1966 முதல் 1971 வரை வந்த 'டார்க் ஷேடோஸ்' விதிவிலக்கு. 1,225 எபிசோடுகளில் ஒன்றே ஒன்றுதான் காணவில்லை. அதையும் ஒரு ஒலிப்பதிவை வைத்து ஓரளவு ஈடுகட்டினார்கள்.

ரசிகர்கள் போராடிப் பலன் உண்டா?
— வாசகி, யாழ்ப்பாணம்

சேனலுக்கு எழுதிய கடிதங்களைவிட விளம்பரதாரருக்கு எழுதியவை வேகமாக வேலை செய்தன. 2011-இல் 'ஆல் மை சில்ட்ரன்', 'ஒன் லைஃப் டு லிவ்' இரண்டும் நிறுத்தப்படுவதை எதிர்த்து ஹூவர் வேக்குவம் கிளீனர் கம்பெனி ஏபிசியிலிருந்து விளம்பரத்தையே விலக்கிக்கொண்டது. முடிவு மாறவில்லை. ஆனால் ப்ராஸ்பெக்ட் பார்க் என்ற நிறுவனம் அந்த இரண்டு சீரியல்களின் உரிமையையும் வாங்கி, 2013 ஏப்ரல் 29 முதல் இணையத்தில் அரை மணி நேர எபிசோடுகளாக வெளியிட்டது. அது அந்த வருடத்தைத் தாண்டவில்லை.

இப்போது எத்தனை மிச்சம்?
— வாசகர், ஈரோடு

பெரிய சேனல்களில் நான்கு: 'ஜெனரல் ஹாஸ்பிடல்', 'த யங் அண்ட் த ரெஸ்ட்லெஸ்', 'த போல்ட் அண்ட் த பியூட்டிஃபுல்', 'பியாண்ட் த கேட்ஸ்'. கடைசியாகச் சொன்னது 2025 பிப்ரவரி 24-இல் தொடங்கியது, கறுப்பினக் குடும்பம் ஒன்றை நடுவில் வைத்தது. 2010-இல் ஒரு சீரியலை எடுத்துவிட்டு சிபிஎஸ் சேனல் கொண்டுவந்த 'த டாக்' அரட்டை நிகழ்ச்சி 2024 டிசம்பரில் முடிந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் 'பியாண்ட் த கேட்ஸ்'.