நம் பேச்சை யார் நம்புவார்கள்? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அக்கா,

நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். ரப்பர் தோட்டத்தை விற்று எழுப்பிய தாமான் குடியிருப்பு எங்களுடையது. பின்னால் செம்பனைக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் மறுசுழற்சித் தொழிற்சாலை. பகலில் ஒன்றும் தெரியாது. நடுராத்திரிக்கு மேல் எரிக்கிறார்கள். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தினாலும் தொண்டை எரிகிறது, சின்னவனுக்கு மூச்சிரைக்கிறது. நகராண்மைக் கழகத்துக்குப் போன் செய்தேன். பகலில் வந்து பார்த்துவிட்டுப் புகை இல்லையே என்று போய்விட்டார்கள். கோயில் திருவிழாவுக்குத் தொழிற்சாலைக்காரர் நன்கொடை கொடுத்திருப்பதால் தலைவர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். எங்களில் படித்தவர்கள் குறைவு. நாங்கள் சொன்னால் யார் நம்புவார்கள்? பேசாமல் எங்கள் தொகுதி மக்கள் பிரதிநிதியான ஒய்.பி.யிடம் ஒப்படைத்துவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. யார் நம்புவார்கள் என்ற கேள்விக்கே முதலில் வருகிறேன். மற்றதெல்லாம் அதில்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறது.

என் அம்மா பேராக்கில் ஒரு தோட்டத்தில் மருந்தடித்தவர். முதுகில் பம்பு, பம்புக்குள் பாராகுவாட் என்ற களைக்கொல்லி. அம்மாவின் நகங்கள் மஞ்சளாகி, அடியிலிருந்து பிளந்து, ஒவ்வொன்றாகக் கழன்று விழும். சோறு பிசைய முடியாது, நாங்கள் ஊட்டிவிடுவோம். வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொன்னால், "கையுறை போட்டியா?" என்பார். கையுறையைக் கண்ணிலேயே காட்டியதில்லை. தோட்டத்து டிரசர் ஒரு களிம்பைக் கொடுத்து அனுப்பிவிடுவார். அந்த லயத்தில் பாதிப் பெண்களுக்கு இதே கைதான். ஆனால் ஒருத்தி கை கூட எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இப்படிப்பட்ட பெண்களைத் தேடிப் போய், அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதி, 2002-இல் பெண்களுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் போராடும் தெனாகனித்தா அமைப்பு அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006-இல் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதி. அத்தனை ஆண்டுகளும் அந்த மருந்தை எடுத்தாகவே வேண்டும் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கையில் இருந்தது, மருந்தடித்த பெண்களின் வாய்மொழிதான். அவர்களில் பலர் கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை உருட்டியவர்கள்.

அதனால் படிப்பில்லை என்று பின்வாங்காதீர்கள். ராத்திரி எத்தனை மணிக்குப் புகை வந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். எந்த நிபுணரும் உங்கள் வீட்டில் வந்து படுக்கப் போவதில்லை.

ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்குங்கள். தேதி, நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, புகை கறுப்பா வெள்ளையா, என்ன வாடை, வீட்டில் யாருக்கு என்ன செய்தது என்று எழுதுங்கள். புகை இல்லாத ராத்திரிகளையும் எழுத வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். அதையும் சேர்த்து எழுதிய ஏட்டைத்தான் அதிகாரி நம்புவார். உங்கள் வீட்டில் மட்டும் எழுதினால் பற்றாது. வெவ்வேறு வரிசையில் நாலைந்து வீடுகள் தனித்தனியாக எழுதட்டும். ஒரே ராத்திரி, ஒரே மணி எல்லா ஏட்டிலும் இருந்தால், பகலில் வந்து புகை இல்லை என்று சொன்னது எடுபடாது. கிளினிக்கில் தரும் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். போன் செய்தால் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், எண் இல்லாத புகார் புகாரே இல்லை. நகராண்மைக் கழகத்தோடு நிறுத்தாமல் சுற்றுச்சூழல் இலாகாவுக்கும் எழுத வேண்டும். திறந்த வெளியில் எரிப்பதை 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29A பிரிவு தடுக்கிறது.

அப்புறம் நில அலுவலகம். இதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். நம் நிலச் சட்டத்தில் விவசாயம், கட்டடம், தொழில் என்று மூன்று வகைதான். செம்பனைக்கு நடுவே நிற்கும் அந்த நிலம் இன்னும் விவசாயப் பட்டாவில் இருந்தால், வகை மாற்றாமல் அங்கே தொழிற்சாலை நடத்த முடியாது. புகையை நிரூபிப்பதை விட ஒரு பட்டாவைக் காட்டுவது சுலபம்.

அடுத்தது உங்கள் கடிதத்தில் இல்லாத விஷயம். அந்தப் புகை உங்கள் தாமானில் மட்டுமா இறங்குகிறது? பக்கத்தில் சீனர் புதுக்கிராமம் இருக்கும், மலாய்க்காரர்களின் கிராமமான கம்பம் இருக்கும். அவர்களிடம் பேசினீர்களா? சீனா 2018-இல் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்திய பிறகு, வெளிநாட்டுக் குப்பை சிலாங்கூரில் கோல லங்காட் மாவட்டத்து ஜெஞ்சாரோமுக்கு வந்து குவிந்தது. அங்கே உரிமம் இல்லாத ஆலைகளைத் தேடிப் போய்ப் படம் எடுத்து, எங்கெங்கே இருக்கின்றன என்று பட்டியல் போட்டு இலாகாவிடம் கொடுத்தவர்கள் ஊர்க்காரர்கள்தான். முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன.

ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேரா இன்னும் பெரிய கதை. 1982-இல் ஏசியன் ரேர் எர்த் ஆலை அங்கே வந்தது. வெள்ளீயச் சுரங்க மிச்சத்திலிருந்து அரிய மண் தனிமங்களை எடுப்பார்கள், கடைசியில் தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு மிஞ்சும். 1985-இல் ஊர்க்காரர்கள் எட்டுப் பேர் வழக்குப் போட்டார்கள். ஊர் பெரும்பாலும் சீனர் ஊர். பக்கபலமாக நின்றது பினாங்கு பயனீட்டாளர் சங்கம், வழக்காடியவர்களில் ஒருவர் மீனாட்சி ராமன். குழந்தைகளின் உடல்நிலையைச் சோதித்துப் பதிவு செய்தவர் டாக்டர் ஜெயபாலன். 1987-இல் ஓப்ராசி லாலாங் என்ற அரசாங்கக் கைது நடவடிக்கையில் போராட்டக்காரர்கள் சிலரை உள்ளே போட்டார்கள், ஆனாலும் வழக்கு தொடர்ந்து நடந்தது. 1992-இல் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்து, 1993 கடைசியில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனாலும் அடுத்த மாதமே ஆலை மூடப்பட்டது. தீர்ப்பில் தோற்ற ஊர் ஆலையை மூட வைத்ததை நம் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

கோயில் விஷயத்துக்கு வருகிறேன். தலைவரோடு பொதுவில் மோத வேண்டாம். மோதினால் ஊர் இரண்டாகும், தொழிற்சாலைக்காரருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அவர் வீட்டுப் பெண்களிடம் பேசுங்கள். அந்த வீட்டிலும் இருமல் இருக்கும். கூட்டம் போட உங்களுக்குக் கோயில் மண்டபம் தேவை, வாங்கிய நன்கொடையைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். நம் பையன்கள் யாராவது அங்கே லாரி ஓட்டினால் அவர்களையும் ஒதுக்காதீர்கள். உள்ளே நின்று குப்பை பிரிக்கும் வங்காளதேசி, நேபாளித் தொழிலாளர்கள் அந்தப் புகையை உங்களுக்கு முன்னால் சுவாசிக்கிறார்கள், அவர்கள் மேல் கோபம் திரும்பக் கூடாது.

ஒய்.பி.யிடம் போகலாம், போக வேண்டும். ஆனால் ஒப்படைக்காதீர்கள். ஏடும் புகார் எண்களும் கையெழுத்துகளும் கையில் சேர்ந்த பிறகு, மூன்று இனத்து ஆட்களும் சேர்ந்து போங்கள். வெறுங்கையோடு போனால் தோளைத் தட்டி அனுப்பிவிடுவார். ஏட்டின் அசல் எப்போதும் உங்களிடமே இருக்கட்டும்.

இலாகாவுக்கு எழுத மலாயில் ஒரு மாதிரிக் கடிதம் உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன். இடத்தையும் தேதிகளையும் நிரப்பிக்கொள்ளுங்கள். சின்னவனை மட்டும் இந்த வாரமே அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். ராத்திரியில் புகை வந்தால்தான் இரைக்கிறது என்று டாக்டரிடம் சொல்லி, அதைக் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா