பூம்பாறைப் பூண்டும் முப்பது கார்டுகளும்

அன்புள்ள அக்கா,

பூம்பாறையில் பூண்டு போடுகிறேன். வடுகபட்டிச் சந்தைக்குக் கொண்டுபோய், சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வருவதே பழக்கம். நேரடியாக விற்கலாம் என்று, கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் நடந்த தொழில்முனைவோர் சந்திப்புக்குப் பணம் கட்டிப் போனேன். முப்பது விசிட்டிங் கார்டு கிடைத்தது. மூன்று வாரம் கழித்து எட்டுப் பேருக்கு போன் போட்டேன். ஒருவருக்கும் என்னை நினைவில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே இடமில்லையோ?

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

இடம் நிச்சயம் இருக்கிறது. வடுகபட்டியில் மூட்டையை அவிழ்க்காமல் யாராவது விலை பேசுவார்களா? வியாபாரி ஒரு பூண்டை எடுத்து, அமுக்கி, ஒரு பல்லை உரித்துப் பார்த்த பிறகுதானே பேச்சு? அந்த ஓட்டலில் உங்கள் கையில் பூண்டு இருந்ததாகவே நீங்கள் எழுதவில்லை.

குன்னூரில் நான் தேயிலைப் பொட்டலம் போட ஆரம்பித்த புதிதில் இப்படி ஒரு கூட்டத்துக்குப் போனேன். வந்தவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியத்தை ஒப்பித்துக் களைத்துப்போய் ஓரமாக நின்றபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் "பையில என்னம்மா?" என்றார். கொஞ்சம் தூளை அவர் உள்ளங்கையில் கொட்டினேன். கையை மூடி, இடுக்கில் வாய்வைத்துச் சூடாக ஊதி, மூக்கருகே கொண்டுபோனார். "ஈரம் ஏறியிருக்கு. உறையை மாத்துங்க" என்றார். அவர் தேயிலை வாங்குகிறவரே அல்ல, அட்டைப்பெட்டி சப்ளை செய்கிறவர். உறையை மாற்றினேன். அவர் பெட்டி கொடுத்துக்கொண்டிருந்த கோயம்புத்தூர் கடைதான் என் முதல் கடை. வாங்குகிறவரை மட்டும் தேடியிருந்தால் அவரிடம் நான் பேசியிருக்கவே மாட்டேன்.

அடுத்த முறை சின்னத் துணிப்பைகளில் நூறு நூறு கிராம் பூண்டு எடுத்துப் போங்கள். ஐந்து பேர் போதும். "பூண்டு வேணுமா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "இப்ப எங்கே வாங்குறீங்க, அதுல என்ன தொந்தரவு?" என்று கேளுங்கள். மசாலா அரைக்கிறவர் பூசணம் பிடிப்பதைச் சொல்வார். மலைப்பூண்டு மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதை அப்போது சொன்னால் அவர் காதில் ஏறும். அவர் சொன்னதைக் கார்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டு, இரண்டு நாளுக்குள் கூப்பிடுங்கள். "பூசணம் பத்திப் பேசினோமே, பூண்டு கொடுத்தேனே" என்றால் போதும், ஆள் நினைவுக்கு வந்துவிடும். மூன்று வாரம் ஆறப்போட்டால் யாருக்குத்தான் நினைவிருக்கும்?

இன்னொன்று. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ப் பொருள்தான் என்று காட்டும் முத்திரை, கிடைத்தது. ஆனால் அந்த முத்திரையைப் பையில் போட, உங்கள் பெயரில் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' பதிவு வேண்டும். சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அதைச் செய்கிறார்கள். பெரிய கடைக்காரர் கேட்டால் தடுமாறாமல் இருக்க இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

மிச்சமுள்ள இருபத்திரண்டு கார்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள். லாரி சர்வீஸ்காரர், ஓட்டலுக்குக் காய்கறி ஏற்றி வருகிறவர் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். மேலே சரக்கு இறக்கிவிட்டு வத்தலக்குண்டுக்குக் காலியாகத் திரும்பும் ஒரு வண்டி கிடைத்தால் உங்கள் பாதிக் கவலை தீர்ந்தது.

அப்புறம், எனக்கு அரைக் கிலோ அனுப்புங்கள், பணம் அனுப்பிவிடுகிறேன். இங்கே ஊறுகாய் போட்டு விற்கும் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் உரித்துக் காட்டிவிட்டு, உங்கள் நம்பரைக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
அக்கா