கைதட்டல் கேட்காத வீரர்

கேள்வி: தென் கொரியாவின் லீ டக்-ஹீ காது கேளாதவர். இருந்தும் டென்னிஸில் பெரிய ஆளாகிவிட்டார். ஆனால் ரசிகர்களின் கைதட்டல்கூட அவருக்குக் கேட்காதே, பாவம் இல்லையா?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: கைதட்டல் கேட்காதது பாவமா? நம் ஊர் விழா மேடைகளில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அது கொடுப்பினை! 'ஜோரா ஒருமுறை கைதட்டுங்க' என்று கேட்டு வாங்குகிறார்கள். பொன்னாடை போர்த்தினால் ஒரு தட்டு, போர்த்தியவர் தடுக்கி விழாமல் இறங்கினால் ஒரு தட்டு, மைக் வேலை செய்தால் அதற்கும் ஒன்று.

சரி, லீ. அவருக்குக் கேட்காமல் போனதில் முக்கியமானது பந்து மட்டையில் படும் சத்தம். அடி எவ்வளவு பலம், எதிராளி பந்தை எப்படிச் சுழற்றியிருக்கிறான் என்பதைக் காதுதான் முதலில் சொல்லும். பிரிட்டன் டென்னிஸ் சாம்பியன் ஆண்டி மர்ரேயே இதைச் சொல்லியிருக்கிறார். லீ எல்லாவற்றையும் கண்ணால் பிடிக்க வேண்டும். நடுவர் 'அவுட்' என்று கத்தினாலும் தெரியாது. கைச்சைகையைப் பார்த்தால்தான் உண்டு. இப்படி ஆடியே 2017இல் உலகத் தரவரிசையில் 130ஆம் இடம் வரை வந்தார். 2018 ஆசிய விளையாட்டில் ஒற்றையர் வெண்கலம். அதே பிரிவில் இன்னொரு வெண்கலம் வாங்கியவர் நம் சென்னைக்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன். அவருக்கு நாம் எவ்வளவு தட்டினோம் என்பதையும் சொல்லுங்களேன்.

2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் வின்ஸ்டன்-சேலத்தில் ஸ்விட்சர்லாந்தின் லாக்சோனனை 7-6, 6-1 என்று ஜெயித்தார். ஏடிபி எனும் ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் போட்டிகளின் பிரதான சுற்றில் காது கேளாத ஒருவர் ஜெயித்தது அதுவே முதல் தடவை. அடுத்த ஆட்டத்தில் போலந்தின் ஹூர்காச்சிடம் முதல் செட்டை எடுத்துவிட்டுத் தோற்றார். தன்னம்பிக்கைக் கட்டுரைக்காரர்கள் இந்த வரியை மட்டும் கவனமாக விட்டுவிடுவார்கள்.

எனக்குப் பிடித்தது அவருடைய பேட்டிதான். லீ சைகை மொழி பழகாமல் உதட்டசைவைப் படித்தே வளர்ந்தவர். நிருபர் ஆங்கிலத்தில் கேட்பதை மொழிபெயர்ப்பாளர் கொரிய மொழியில் சொல்ல, அதை அவருடைய வருங்கால மனைவி வாயசைத்துக் காட்ட, லீ படித்துப் பதில் சொன்னார். இத்தனை பேரைத் தாண்டிப் போக வேண்டும் என்றால் நம் தொலைக்காட்சி நிருபர்களின் கேள்விகளில் முக்கால்வாசி பாதி வழியிலேயே திரும்பிவிடும்.

உதட்டைப் படிக்கிற வித்தை நமக்கும் வேண்டும். கல்யாண ரிசப்ஷனில் மெல்லிசைக் குழு வைக்கிறார்களே, அங்கே எல்லோரும் லீ டக்-ஹீதான். இதை முன்பு இதே பக்கத்தில் எழுதப்போய், மெல்லிசைக்காரர்கள் கடிதம் கடிதமாகத் திட்டினார்கள். நானும் விடுவதாக இல்லை. போன முகூர்த்தத்தில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்ட ஒரு பெரியவரிடம், 'பையன் என்ன பண்றான்?' என்று கேட்டேன். 'இப்பதான் முடிச்சேன், பாயசம் சுமார்' என்றார். லீயாக இருந்தால் சரியாகப் படித்திருப்பார், நான் கொரிய மொழியில் கேட்டிருந்தால்.