வாசித்தால் போதாதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மத்தியகால ஐரோப்பாவின் தேவாலயப் பாடல்களைக் கேட்டுப் பார்க்கும்படி எழுதியிருந்தீர்கள். ஒரு வாரமாகக் கேட்டேன். தாளக்கட்டு இல்லை, பக்கவாத்தியம் இல்லை, இலத்தீன் வரிகள் நீண்டுகொண்டே போகின்றன. வழிபாட்டு வாசகத்தைச் சற்று இழுத்து ஓதுவதுதானே இது? இசை என்று கொண்டாட இதில் என்ன இருக்கிறது?

க., திருச்சி

அன்புள்ள க.,

தாளக்கட்டு இல்லை என்பது உண்மை. சொல்லின் ஓட்டம்தான் அந்தப் பாடல்களின் நடை. ஆனால் ‘ஓதுவதுதானே’ என்கிறீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓதுவதற்கும் பாடுவதற்கும் இருக்கும் வேறுபாட்டுக்காகத் தன் எண்பதாவது வயதில் போராடிய ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும்.

ஜெர்மனியில் பிங்கன் நகரை ஒட்டிய ரூபர்ட்ஸ்பெர்க் கன்னியர் மடத்தின் தலைவி ஹில்டெகார்ட். எழுபதுக்கும் மேற்பட்ட பாடல்களுக்குச் சொல்லும் மெட்டும் அவருடையவை. 1178இல் மடத்துக் கல்லறையில் ஒரு பிரபுவை அடக்கம் செய்தார்கள். அவர் ஒரு காலத்தில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர். சாகுமுன் பாவமன்னிப்புப் பெற்றுவிட்டார் என்பது ஹில்டெகார்டின் வாதம். மைன்ஸ் நகரத்துத் திருச்சபை அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. உடலைத் தோண்டி எடுத்து வெளியேற்றச் சொன்னார்கள். ஹில்டெகார்ட் மறுத்தார். உடனே தடை வந்தது: நற்கருணை என்னும் திருவிருந்து கிடையாது, வழிபாட்டில் பாடக் கூடாது, தாழ்ந்த குரலில் வாசித்துக்கொள்ளலாம்.

கவனியுங்கள், ஒரு சொல்லைக்கூட அவர்களிடமிருந்து பறிக்கவில்லை. அதே விவிலியத் திருப்பாடல் வரிகள், அதே மன்றாட்டுகள், அதே வழிபாட்டு வேளைகள். போனது மெட்டு மட்டும். நீங்கள் சொல்வதுபோல் அது வெறும் ஓதலாக இருந்திருந்தால் அந்தக் கன்னியர் எதை இழந்தார்கள்?

ஹில்டெகார்ட் அதிகாரிகளுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. பாவத்தில் விழுமுன் ஆதாமின் குரல் வானதூதர்களின் குரலோடு இசைந்திருந்தது. மனிதன் பாடும்போது அந்தக் குரல் அவனுக்கு நினைவு வருகிறது. சாத்தானுக்குப் பொறுக்காததும் அதுதான் என்கிறார். நியாயமின்றித் தேவாலயத்தின் வாயை அடைப்பவர்களுக்கு விண்ணுலகின் பாட்டில் இடமிருக்காது என்று எச்சரிக்கவும் செய்கிறார். தண்டனைக்கு உள்ளானவர் தண்டித்தவர்களுக்கு எழுதிய கடிதம் இது! இந்த எண்ணம் அவருக்குப் புதிதும் அல்ல. பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் இயற்றிய ‘ஓர்டோ விர்டூட்டும்’ என்ற இசை நாடகத்தில் நற்குணங்கள் எல்லாம் பாடுகின்றன. சாத்தானுக்கு மட்டும் மெட்டே கிடையாது, அவன் கத்துகிறான்.

அவருடைய ‘ஓ வோஸ் ஆஞ்செலி’ பாடலைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு ஸ்தாயிக்கும் மேல் ஏறி இறங்குகிறது. ஓர் அசையைப் பிடித்துக்கொண்டு குரல் மேலே போய்க்கொண்டே இருக்கிறது, சொல் அங்கேயே காத்திருக்கிறது. இப்படி யாராலும் ஓத முடியாது.

1179 மார்ச்சில் தடை நீங்கியது. அந்தச் செப்டம்பர் 17இல் ஹில்டெகார்ட் இறந்தார். இடைப்பட்ட ஆறு மாதம் அவர் மடத்தில் மறுபடியும் பாட்டு இருந்தது.

அன்புடன்.