ஆட்டு ஈரலில் நீர்க்கட்டி: நரியா காரணம், நாயா?

கேள்வி: காட்டோரம் பட்டி போட்டு 40 செம்மறி வளர்க்கிறேன். பத்து நாள் முன்பு அறுத்த கிடாயின் ஈரலில் எலுமிச்சை அளவில் நீர்க்கட்டிகள் இருந்தன. கறியைச் சமைத்துச் சாப்பிட்டோம், ஈரலை நாய்க்குப் போட்டுவிட்டோம். இரவில் நரிகளும் வருகின்றன. பிள்ளைகளுக்கு ஏதாவது வருமா?

பதில்: கறி சாப்பிட்டதால் ஒன்றும் வராது, அந்தப் பயம் வேண்டாம். நான் கவலைப்படுவது நாய்க்குப் போட்ட ஈரலைப் பற்றித்தான்.

ஈரலின் மேலே தண்ணீர்ப் பை போலத் தொங்கி, உள்ளே ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது வேறு நாடாப்புழுவின் பை, மனிதருக்குத் தொல்லையில்லை. ஈரலுக்குள் புதைந்து, தடித்த வெள்ளைச் சுவரோடு, வெட்டினால் நீரில் பொடிமணல் போலத் துகள் தெரிந்தால் அது ஹைடேடிட் கட்டி. அந்த ஒவ்வொரு துகளும் நாயின் குடலில் ஒரு நாடாப்புழுவாக வளரலாம். புழு அரை சென்டிமீட்டர்தான் இருக்கும், நாயின் மலத்தில் கண்ணுக்கே படாது. நரி, ஓநாய் குடலிலும் இதே புழு வளரும்.

ஈரலைத் தின்ற நாயின் குடலில் புழு வளர்ந்து முட்டை போட ஏறக்குறைய 6 வாரம் ஆகும். இன்னும் நேரம் இருக்கிறது, இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போய் எடைக்கேற்ற பிராசிகுவாண்டல் மாத்திரை கொடுங்கள். மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் அடுத்த மூன்று நாள் நாயைக் கட்டிவைத்து, அதன் மலத்தைக் கையுறையோடு அள்ளி ஆழமாகப் புதையுங்கள். இதற்கு முன்பும் இப்படி ஈரல் போட்டிருந்தால், முட்டை ஏற்கெனவே நாயின் ரோமத்தில் ஒட்டியிருக்கலாம். பிள்ளைகள் நாயைக் கொஞ்சிவிட்டு அப்படியே சோற்றில் கை வைக்கக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவட்டும். முட்டை வயிற்றுக்குள் போனால் ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி பல வருடம் சத்தமில்லாமல் வளரும். விலாவுக்குக் கீழே விடாத வலி யாருக்காவது இருந்தால் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள், நாய் வளர்ப்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆடுகளுக்கு வழக்கமாக ஊற்றும் குடற்புழு மருந்து இந்தக் கட்டியைக் கரைக்காது.

சரி, நரியை என்ன செய்வது? விரட்டிப் பயனில்லை, விஷம் வைப்பது குற்றமும்கூட. செத்த ஆட்டைக் காட்டோரம் வீசாமல் இருந்தால் போதும். தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்து, மேலே கல் அடுக்கி வையுங்கள். இனி அறுக்கும்போது கட்டியுள்ள ஈரல், நுரையீரலையும் அதே குழியில் போடுங்கள். நாய்க்குக் கட்டாயம் வேண்டுமென்றால் அரை மணி நேரம் கொதிக்க வைத்துப் போடுங்கள்.